சபையில் சுற்றுச்சூழல் பற்றிப் பேச உதவி வேண்டும்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சிங்கப்பூரில் தமிழ்ச் சபைகளுக்குப் போகிறவர்களிடம் ஓர் உதவி.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு சாப்பாடு உண்டு. எல்லாமே ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் தட்டு, கரண்டி, கப். கழுவிப் பயன்படுத்தும் தட்டுகளுக்கு மாறலாம் என்று வாலிபர்கள் கேட்டோம். மூப்பர் ஒருவர், "இந்தப் பூமி எப்படியும் எரிந்துபோகும், ஆத்துமாக்களைப் பாருங்கள்" என்று 2 பேதுரு 3:10-ஐக் காட்டினார். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. வாக்குவாதம் செய்ய விருப்பமில்லை, ஆனால் வேதத்திலிருந்தே பதில் சொல்ல வேண்டும்.

ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவுமே தேவன் மனிதனை அங்கே வைத்தார் என்கிறது ஆதியாகமம் 2:15. பாவம் வருவதற்கு முன்பே கொடுத்த வேலை அது. சங்கீதம் 24 பூமி கர்த்தருடையது என்கிறது. அப்புறம் வெளிப்படுத்தல் 11:18, பூமியைக் கெடுக்கிறவர்களுக்கு வரும் நியாயத்தீர்ப்பைச் சொல்கிறது. இதைப் பிரசங்கத்தில் நான் கேட்டதே இல்லை.

நம் குப்பை எரிந்து சாம்பலாகி செமக்காவ் தீவில் உள்ள குப்பைக் கிடங்குக்குத்தான் போகிறது. 1999-இல் திறந்த அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள்.

பேதுருவின் அந்த வசனத்தை ரோமர் 8:21-உடன் எப்படிச் சேர்த்து வாசிப்பது? விடுதலைக்காகக் காத்திருக்கும் சிருஷ்டி முழுவதும் அழிந்துபோகுமா, புதுப்பிக்கப்படுமா? போதகர்கள் யாராவது விளக்கினால் நல்லது. தமிழில் வேதபாடக் குறிப்புகள் இருந்தாலும் அனுப்புங்கள்.

உங்கள் சபையில் தட்டு மாற்றியிருந்தால், கழுவும் வேலையை யார், எப்படிப் பிரித்துச் செய்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். சமையலறை அக்காமார்கள் தலையில் அது விழக்கூடாது.