மண்டபம் கேம்ப்பில் எங்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த சேர்

2025 ஜனவரியில் ஈழத்து நாடக ஆசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் ஐயா காலமான செய்தியைப் படித்ததிலிருந்தே இதை எழுதவேண்டும் என்று இருந்தேன். அவரை நான் பார்த்தது கிடையாது. யாழ்ப்பாணத்தில் அவர் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியில் பழகிய ஒருவரிடம் நான் நடிப்புப் படித்தேன், அவ்வளவுதான் உறவு.

எங்கள் ஊர் பாம்பன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. 1990 ஜூனில் இலங்கையில் மறுபடி சண்டை தொடங்கியதும் எங்கள் கரைக்கு ராத்திரி ராத்திரியாக அகதிகளை ஏற்றிய படகு வந்தது. சிலரை மணல்திட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள், விடிந்தபிறகு நம் ஆட்கள் போய் ஏற்றி வருவார்கள். சேரும் அப்படி வந்தவர்தான். கேம்ப் பிள்ளைகள் ‘சேர்’ என்பார்கள், நாங்கள் ‘சார்’ என்போம். கொஞ்ச நாளில் எங்களுக்கும் சேர் ஆகிவிட்டார்.

மண்டபம் கேம்ப், வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களை நிறுத்திவைத்துச் சோதித்த இடம், அப்போது அகதி முகாம். அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால், கடல் பக்கம், ஒரு உடைமரத்தடியில் சேர் காலால் ஒரு வட்டம் கீறினார். வட்டக்களரி, கூத்தாடுகிற வட்ட மேடை. அதுதான் பள்ளிக்கூடம். முதல் நாள் ஏழு பேர்.

கச்சான் காற்று அடிக்கிற மாதம், வாயைத் திறந்தால் மணல். தூரத்தில் ஒரு தாத்தா வலை சரிசெய்துகொண்டிருப்பார். நாம் பேசுகிற வசனம் அவருக்குக் கேட்கவேண்டும், கேட்டால் அவர் கையைத் தூக்கிக் காட்டுவார். அந்தக் கை உயர எனக்கு இரண்டு வாரம் ஆனது.

ஒருநாள் படகுப் பயிற்சி. எல்லோரும் வட்டத்துக்குள் நெருக்கி உட்கார்ந்து அலைக்கு ஆடவேண்டும். எங்கள் ஊர்ப் பையன்கள் வலை இழுத்தோம், வலை இழுக்கிறபோது பாடுகிற அம்பாப் பாட்டுப் பாடினோம். கேம்ப் பிள்ளைகள் நாலு பேரும் சத்தமே இல்லாமல் குப்புறப் படுத்துவிட்டார்கள். அதில் ஒரு பையன் பக்கத்தில் இருந்த தன் தங்கச்சியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். எங்கள் பாட்டு அப்படியே நின்றுபோனது. சேர் கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம் அவரும் வந்து நடுவில் படுத்துக்கொண்டு, “படகு கரைக்கு வந்திட்டுது பிள்ளையள். இனி இறங்கிறதை நடிப்பம், ஒருத்தரை ஒருத்தர் தூக்கிவிடுங்கோ” என்றார். அன்றைக்கு இறங்குவதை மட்டும் பத்துத் தடவை செய்தோம். நாலாவதோ ஐந்தாவதோ தடவையில்தான் அந்தப் பையன் கையை எடுத்தான்.

பட்ட துன்பத்தை அப்படியே மேடையில் காட்டு என்று பிள்ளைகளிடம் சொல்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன், எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. சேர் எங்களைத் துப்பாக்கி தூக்க விட்டதே கிடையாது. அதற்காகப் போர் ஓயட்டும், பிறகு சொல்லிக்கொடுக்கலாம் என்று அவர் காத்திருக்கவும் இல்லை. “அங்கையும் ஷெல் விழ விழத்தான் ஒத்திகை பாத்தனாங்கள்” என்பார்.

ஒரு அக்கா நடிக்க ஆசைப்பட்டார். குமர்ப்பிள்ளை, கல்யாணமாகாத பெண், ஆடுவதா என்று அவர் அம்மா விடவில்லை. சேர் வாதாடப் போகவில்லை, அம்மாவையும் தினமும் வந்து உட்காரச் சொன்னார், அவ்வளவுதான். ஒரு மாதத்தில், யாராவது வசனம் மறந்தால் எடுத்துக்கொடுப்பது அந்த அம்மாதான்.

1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு எல்லாம் இறுகிவிட்டது. நாங்கள் உள்ளே போகமுடியாது, அவர்கள் பேர் கூப்பிடும் நேரத்துக்குள் திரும்பியாகவேண்டும். வட்டம் மூன்று தடவை இடம் மாறியது, வருகிறவர்கள் குறைந்தார்கள். ஆனாலும் எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவில் ஒரே ஒரு நாடகம் போட்டோம், மணி தொலைத்த ஆட்டுக்குட்டியின் கதை. வாயைப் பொத்தினானே, அவனுடைய தங்கச்சிதான் ஆட்டுக்குட்டி. கடைசி வரிசை வரைக்கும் அவள் குரல் கேட்டது.

1992இல் ஆட்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். சேரும் பேர் கொடுத்துவிட்டார். கப்பலுக்குக் கூட்டிப்போகிற பஸ் புறப்பட்டபோது நான் ரோட்டோரம் நின்றிருந்தேன். சன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னவோ சொன்னார். காற்றிலும் பஸ் இரைச்சலிலும் ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.