ஹைப்ரிட் காருக்குத் தமிழில் ‘இருவிசைக் கார்’: ஒரு முன்மொழிவு

குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று வாரமாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற ‘ஹைப்ரிட்’ காருக்கு இதுவரை கலப்பினக் கார், கலப்புந்து, ஈரெரிபொருள் கார், ஈருந்து, மின்னெய் வண்டி என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. நான் கோவையில் தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக மோட்டார் மெக்கானிக் பாடக்குறிப்புகளைத் தமிழில் எழுதி வருகிறேன். பேட்டரிப் பாடம் வரை வந்து, இந்த ஒரு சொல்லுக்காக வேலை நிற்கிறது. அதனால் மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வீட்டுச் சங்கதி. பெருந்துறையில் இருக்கும் என் மாமா சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கார் வாங்கினார். விற்றவர்கள் “ஹைப்ரிட்டுங்க” என்றுதான் சொன்னார்கள். வண்டியின் பின்னாலும் அப்படித்தான் எழுதியிருந்தது. மாமா இரண்டு நாள் சர்வீஸ் ரோட்டில் ஏசியை அணைத்துவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “ஏன் மாப்பிள்ளை, இது எப்பத்தான் கரண்ட்டுல ஓடும்?” அது ஓடவே ஓடாது. அந்த வண்டியில் இருப்பது இன்ஜினுக்குக் கைகொடுக்கும் ஒரு சின்ன மோட்டார். சிக்னலில் நின்ற இன்ஜினைக் கிளப்பும், வேகமெடுக்கும்போது கொஞ்சம் தள்ளிவிடும், அவ்வளவுதான். சக்கரத்தைத் தனியாகச் சுற்ற அதனால் முடியாது. விற்றவர்கள் பொய் சொல்லவில்லை. கொஞ்ச தூரமாவது மோட்டாரால் மட்டுமே ஓடக்கூடியது ஒன்று, இப்படித் துணைக்கு மட்டும் மோட்டார் வைத்தது ஒன்று என்று ஒரே பெயரில் இரண்டு பொருள் சந்தையில் இருக்கிறது, மாமா ஒன்றை நினைத்து இன்னொன்றை வாங்கிவிட்டார்.

இந்தக் குழப்பம் மாமாவோடு நிற்கவில்லை. மின்வண்டிகளுக்கும் ஹைப்ரிட் வண்டிகளுக்கும் சலுகை தர 2015இல் மத்திய அரசு கொண்டுவந்த ஃபேம் திட்டத்தில் இந்தச் சிறு மோட்டார் வண்டிகளுக்கும் ஹைப்ரிட் என்ற பெயரில் சலுகை கிடைத்தது. 2017 ஏப்ரலில்தான் அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஆகவே தமிழில் சொல் அமைக்கும்போது ஆங்கிலத்தின் இந்தக் குழப்பத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாத சொல் எனக்கு வேண்டாம்.

இனி குழுவில் வந்த வரிகளை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம்.

> ஹைப்ரிட் என்றாலே கலப்பினம்தானே? கலப்பின மாடு, கலப்பினச் சோளம் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோம். கலப்பினக் கார் என்றால் யாருக்கும் விளங்கும்.

நம் ஊரில் அந்தச் சொல் நன்றாக வேரூன்றியிருக்கிறது என்பதுதான் என் தயக்கத்துக்கே காரணம். கோவையில் 1912இல் கரும்பு இனப்பெருக்கு நிலையம் தொடங்கியது. அங்கே விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் நாம் பயிரிடும் கரும்போடு நாணல் இனத்துக் காட்டுக்கரும்பைச் சேர்த்து உருவாக்கியதுதான் கோ 205 என்ற ரகம். அந்தக் கரும்பை வெட்டிப் பார்த்தால் இது தாயின் பங்கு, இது தகப்பனின் பங்கு என்று பிரித்துக் காட்ட முடியுமா? முடியாது. இரண்டும் கரைந்து மூன்றாவதாக ஒன்று பிறந்துவிட்டது. அதுதான் கலப்பினம். காரில் அப்படி எதுவும் கரைவதில்லை. பானெட்டுக்குள் இன்ஜின் வேறு, மோட்டார் வேறு. ஒன்றை வேலை வாங்கும்போது மற்றதை நிறுத்தி வைக்கலாம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. பெட்ரோல் பக்கத்தில் ‘கலப்பு’ என்ற சொல்லை வைத்தால் நம் ஆட்களுக்குக் கலப்படம்தான் முதலில் ஞாபகம் வரும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. ‘கலப்பு எரிபொருள்’ என்ற பெயர் அதற்கே பொருத்தம், அங்கேயே இருக்கட்டும். கலப்புந்தும் இதே காரணத்தால் எனக்குச் சரிப்படவில்லை.

> ஈரெரிபொருள் கார் என்பது நேரடியாக இருக்கிறது. பெட்ரோலும் மின்சாரமும்.

இது தவறு என்றே சொல்வேன். பெட்ரோலிலும் கேஸிலும் ஓடுகிற வண்டிதான் ஈரெரிபொருள் வண்டி. இன்று நம் சாலையில் ஓடும் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ், ஹோண்டா சிட்டி ஆகியவற்றின் ஹைப்ரிட் எதற்கும் வெளியிலிருந்து மின்சாரம் ஏற்றுவதில்லை. உள்ளே போவது பெட்ரோல் மட்டும்தான். பேட்டரியில் சேரும் மின்சாரம்கூட இன்ஜின் சுற்றியதாலோ, பிரேக் பிடித்தபோது திரும்பக் கிடைத்ததாலோ வந்தது. அதுவும் கடைசியில் பெட்ரோலின் கணக்கில்தான் சேரும். எரிபொருள் ஒன்று, ஓட்டுவது இரண்டு. இந்த இழையில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி இதுதான் என்று நினைக்கிறேன்.

இதை என் கண்ணாலேயே ஒரு தடவை பார்த்தேன். போன வருடம் வால்பாறையிலிருந்து ஒரு வாடகை ஹைகிராஸில் இறங்கினோம். ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். நான் முன் சீட்டில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் காலை எடுத்ததும் சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு அம்புக்குறி ஓடும், பேட்டரியில் ஒரு கோடு ஏறும். பாதி வளைவுகள்கூடத் தாண்டவில்லை, எல்லாக் கோடுகளும் நிறைந்துவிட்டன. அடுத்த வளைவில் திடீரென்று இன்ஜின் உறுமியது. பெட்ரோல் குடிக்கிறதோ என்று நான் பதறினேன். “இல்லீங்க, பேட்டரிக்கு வவுறு ரொம்பிருச்சுங்க. இனி இன்ஜினச் சும்மா சுத்த வெச்சு வண்டியப் புடிச்சுக்குதுங்க” என்றார் ஓட்டுநர். எவ்வளவு சரியான விளக்கம். பேட்டரி சின்னது, அதனால் சீக்கிரம் நிறைகிறது. கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்டில் இருப்பது 0.76 கிலோவாட் மணி அளவுள்ள பேட்டரி. முழு மின்காரில் இதைப் போலப் பல பத்து மடங்கு இருக்கும். அந்த மனிதருக்குத் தெரிந்ததை ஒரு சொல்லில் அடக்க முடியுமா என்றுதான் நாம் பார்க்க வேண்டும்.

> ஈருந்து: பேருந்து, சிற்றுந்து வரிசையில் அழகாகப் பொருந்துகிறது. ஈருடல், ஈராயிரம் போல இலக்கணமும் சரி.

இலக்கணம் சரிதான். முதலில் எனக்கும் இதுதான் பிடித்திருந்தது. ஆனால் பேருந்து, சரக்குந்து, மகிழுந்து எல்லாவற்றிலும் ‘உந்து’ என்றால் வண்டி என்றே பழகிவிட்டது. பேருந்து பெரிய வண்டி என்றால் ஈருந்து இரண்டு வண்டி ஆகிவிடும், இல்லையென்றால் இரு சக்கர வண்டி என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். ஒரு மாணவனிடம் சொல்லிப் பார்த்தேன், “பைக்குங்களா?” என்றான். அத்தோடு கைவிட்டேன்.

மின்னெய் கேட்க இனிமையான சொல். ஆனால் அது ஏதோ ஓர் எண்ணெயின் பெயராகத்தான் காதில் விழும்.

என் முன்மொழிவு: இருவிசைக் கார்.

‘விசை’யை நான் அகராதியிலிருந்து எடுக்கவில்லை. சோமனூரிலும் பல்லடத்திலும் பள்ளிபாளையத்திலும் தெருவுக்குத் தெரு கேட்கிற விசைத்தறியிலிருந்து எடுத்தேன். கைத்தறி கையால் ஓடுவது, விசைத்தறி இயந்திரத்தின் பலத்தால் ஓடுவது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். கடற்கரைப் பக்கம் விசைப்படகும் அப்படித்தான். ஆக, ‘ஓட்டுகிற பலம்’ என்ற பொருளில் விசை ஏற்கெனவே உயிரோடு இருக்கிறது. அதன் முன்னால் ‘இரு’ சேர்த்தால் போதும். காரை நான் ‘கார்’ என்றே விட்டுவிட்டேன். மகிழுந்து இத்தனை காலமாகியும் எந்த ஒர்க்‌ஷாப்புக்குள்ளும் நுழையவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு புதுச் சொல்லைத் தூக்கச் சொன்னால் இரண்டும் கீழே விழும்.

இதற்கு இயற்பியல் ஆசிரியரான நம் குழு அன்பர் தனிமடலில் எழுதிய மறுப்பையும் அவர் அனுமதியோடு இங்கே வைக்கிறேன்.

> விசை என்றால் நியூட்டனில் அளப்பது. இன்ஜினும் மோட்டாரும் தருவது திறன். பத்தாம் வகுப்புப் பிள்ளை குழம்பிவிடும். இருதிறன் கார் என்று சொல்லலாமே?

ஐயா, உங்கள் கண்டிப்பு நியாயமானது. ஆனால் ‘இருதிறன்’ என்றால் இரண்டு திறமை என்றுதான் காதில் விழுகிறது. அதோடு, விசைத்தறியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அங்கே நியூட்டனைத் தேடிக் குழம்பியதில்லை. சக்கரத்தின் மேல் இரண்டு இடத்திலிருந்து விசை வருகிறது என்று எடுத்துக்கொண்டால் உங்கள் பாடப்புத்தகப் பொருளும் கெடாது. சில வண்டிகளில் பெரும்பாலான நேரம் இன்ஜின் நேரடியாகச் சக்கரத்தைத் தொடாமல் ஜெனரேட்டரை மட்டும் சுற்றும். அங்கேயும் விசை தருகிற பொறிகள் இரண்டுதான்.

சரி, இரண்டு பொறி இருந்தாலே இருவிசை ஆகிவிடுமா? ஆகாது. திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். லாரியை ஓட்ட ஓர் இன்ஜின், மேலே கம்ப்ரசருக்குத் தனி இன்ஜின். இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. இருவிசை என்றால் ஒரே வேலையை இரண்டு பேரும் மாற்றி மாற்றியோ சேர்ந்தோ செய்ய வேண்டும். என் அப்புச்சி தோட்டத்துக் கிணற்றில் ஒரு பம்பு இருந்தது. கரண்ட் இருந்தால் மோட்டாரின் சக்கரத்தில் பெல்ட்டை மாட்டுவார், கரண்ட் போனால் அதே பெல்ட்டைக் கழற்றி ஆயில் இன்ஜினில் மாட்டுவார். பெல்ட்டு நழுவாமலிருக்கப் பிசின் தூளைத் தூவுவார், அந்த வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. ஒரு பம்புக்கு இரண்டு விசை. அப்புச்சி நாளுக்கு நாலு தடவை செய்ததை இந்தக் கார் நிமிடத்துக்குப் பல தடவை, கம்ப்யூட்டரை வைத்துச் செய்கிறது. மாணவர்களுக்கு இதைச் சொன்னபோது சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

இனி கிளைச்சொற்கள். மாமா வாங்கிய வகைக்குத் துணைவிசைக் கார். மோட்டார் துணைக்கு மட்டும் வருகிறது, தனியாக இழுக்காது. இந்த ஒரு சொல் விலைப்பட்டியலில் அச்சாகியிருந்தால் மாமா சர்வீஸ் ரோட்டில் இரண்டு நாளை வீணாக்கியிருக்க மாட்டார். வீட்டில் வயர் போட்டு மின்னேற்றவும் முடிகிற வகைக்கு மின்னேற்று இருவிசைக் கார். பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்பக் கிடைப்பதற்கு ‘மீட்புப் பிரேக்’ போதும் என்று தோன்றுகிறது, இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள். துணைவிசையில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கடைசியாக, குழுவில் இரண்டு மூன்று பேர் எழுப்பிய கேள்வி.

> இன்னும் பத்து வருடத்தில் எல்லாம் மின்கார் ஆகிவிடும். போகப்போகிற பொருளுக்கு எதற்குச் சொல்?

டொயோட்டா ப்ரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பரில். இடைக்கால ஏற்பாடு என்று அப்போதிலிருந்தே சொல்கிறார்கள், கால் நூற்றாண்டு தாண்டியும் அது விற்கிறது. நம் நாட்டில் இது கூட்டத்துக்குள் வந்ததே 2022இல்தான். சிட்டி, ஹைரைடர், கிராண்ட் விட்டாரா மூன்றும் அந்த ஒரே வருடத்தில் வந்தன. வரி ஒன்றும் இதைத் தாங்கிப் பிடிக்கவில்லை. மின்காருக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, ஆனால் இந்த வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் வரை செஸ் என்ற கூடுதல் வரியோடு 43. அந்த மாதம் 22ஆம் தேதியிலிருந்து 40, அதே அளவு பெட்ரோல் காருக்கும் அதே 40தான். நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் அடங்கினால் 18. அந்தச் சின்ன அளவுக்குள் விலை கட்டுப்படியாகிற ஓர் இருவிசைக் காரை யார் கொண்டுவருகிறார்களோ, அவர்கள்தான் நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கு வருவார்கள். இன்றைக்குப் பெட்ரோல் வண்டியைவிட லட்சக்கணக்கில் கூடக் கொடுத்துத்தான் இதை வாங்க வேண்டியிருக்கிறது. இருவிசை வகைக் கிராண்ட் விட்டாராவின் சோதனை மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்றாலும், மாதம் 500 கிலோமீட்டர்கூட ஓட்டாதவருக்கு அந்தப் பணம் திரும்ப வராது. அவர் வீட்டில் மின்னேற்ற இடமிருந்தால் மின்காரே வாங்கட்டும், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் வாரா வாரம் கோவைக்கும் சென்னைக்கும் 500 கிலோமீட்டர் போய்வருகிற நூல் வியாபாரிக்கும், ஊட்டி வால்பாறை என்று மலை ஏறி இறங்குகிற டாக்சிக்காரருக்கும் இது நாளைக்கே மறைந்துபோகிற பொருள் இல்லை.

அப்படியே மறைந்தாலும், இன்று வாங்கிய வண்டி இன்னும் பதினைந்து வருடம் ரோட்டில் ஓடும். அதை ரிப்பேர் பார்க்கப்போவது என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பையன்கள். ஆரஞ்சு வயர் உயர் மின்னழுத்த வயர், மின்காப்புக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது என்பதை அவர்களுக்குத் தமிழில் எழுதித் தர வேண்டும். கை பட்டால் உயிர் போகும் இடம் அது. எந்த வண்டியில் அந்த வயர் இருக்கும், எதில் இருக்காது என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். இருவிசை என்றால் இருக்கும். துணைவிசை என்றால் பெரும்பாலும் 12 அல்லது 48 வோல்ட்தான். இது சொல் அழகு பற்றிய விவாதம் மட்டும் இல்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஒரு வேண்டுகோள். ஈரோடு, நாமக்கல், கரூர்ப் பக்கத்து நண்பர்கள் உங்களுக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு நடை போய் ‘இருவிசை’, ‘துணைவிசை’ இரண்டையும் போர்மேனிடம் விளக்கம் எதுவும் இல்லாமல் சொல்லிப் பாருங்கள். அவர் என்ன புரிந்துகொண்டார், வேறு என்ன பெயர் வைத்துக் கூப்பிடுகிறார் என்பதை அவர் சொன்னபடியே இங்கே எழுதுங்கள். அவர் வாயில் இதைவிட நல்ல சொல் இருந்தால் என் சொல்லை விட்டுவிட்டு அதையே பாடக்குறிப்பில் போடுகிறேன். அச்சுக்குக் கொடுக்க இந்த மாதக் கடைசி வரை நேரமிருக்கிறது.

அன்புடன்,
கோவையிலிருந்து