10 மீட்டர் ஏர் பிஸ்டல்: கடைசி இருபது ஷாட்களில் புள்ளிகள் சரிவது உடல் தளர்ச்சியாலா, பழக்கக் குறையாலா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. மதுரையில் நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை. மூன்று ஆண்டுகளாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயின்று வருகிறேன். சென்ற மாதப் போட்டியில் என் ஆறு சீரீஸ்களும் (ஒரு சீரீஸுக்குப் பத்து ஷாட்) 93, 92, 91, 90, 87, 84 என்று படிக்கட்டில் இறங்குவதைப் போல இறங்கி, மொத்தம் 537 புள்ளிகளில் முடிந்தன. ரேஞ்சில், அதாவது சுடுதளத்தில், உடன் சுடுபவர்கள் டிரிகரை இழுக்கும் விதத்தில்தான் தவறு என்கிறார்கள். ஆனால் கடைசி சீரீஸில் எட்டுப் புள்ளி வாங்கிய ஷாட்கள் எல்லாம் பக்கவாட்டில் சிதறாமல் நேர் கீழே, ஆறு மணித் திசையில் விழுந்திருந்ததால், இது உடல் தளர்ச்சியோ என்று எனக்கு ஐயம் எழுந்தது.

நின்ற இடத்தில் நின்று சுடும் விளையாட்டுக்கு ஓட்டமும் ஜிம்மும் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்கிறார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 51 வயதில், சாதாரண டி-ஷர்ட்டுடன், ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு வெள்ளி வென்ற துருக்கியின் யூசுப் டிகேச்சைக் காட்டி அவர் என் வாயை அடைத்துவிடுகிறார். இன்னொருவர், போட்டிக்கு முன் படபடப்பு அடங்க ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்கிறார். நான் நாளொன்றுக்கு நான்கு டம்ளர் ஃபில்டர் காபி குடிப்பவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிலிருந்து தொடங்குவது?

கறுப்புவட்டம் எழுதியது:

முதலில் அந்த மாத்திரையை மறந்துவிடுங்கள். அவர் சொல்வது பெரும்பாலும் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகையாக இருக்கும். துப்பாக்கி சுடுதலில் அவ்வகை மருந்துகள் போட்டி நாளில் மட்டுமல்லாமல், போட்டி இல்லாத காலத்திலும் தடை செய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் பிஸ்டலில் வெள்ளியும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலமும் வென்ற வட கொரியாவின் கிம் ஜோங்-சு, ப்ராப்ரனோலால் என்ற அத்தகைய மருந்து சோதனையில் தெரியவந்ததால் இரண்டு பதக்கங்களையும் இழந்தார். இரத்த அழுத்தத்துக்காக மருத்துவர் இதையே எழுதிக்கொடுத்திருந்தால், நீங்களாக நிறுத்திவிடாமல், போட்டியில் கலந்துகொள்வதை அவரிடம் சொல்லி மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள்.

டிகேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. பையில் கை விடுவது அலட்சியமன்று. சும்மா தொங்கும் கை ஆடினால் உடலும் ஆடும் என்பதற்காகப் பிஸ்டல்காரர்கள் பெரும்பாலோர் செய்வதுதான். பாரிஸ் அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக். அந்த டி-ஷர்ட்டுக்குள் இருந்த தோளை உங்கள் நண்பர் கவனிக்கவில்லை.

இனி உங்களிடம் இரண்டு கேள்விகள். அறுபது ஷாட்களையும் எத்தனை நிமிடத்தில் முடித்தீர்கள்? கை உயர்ந்து இலக்கில் நின்றதிலிருந்து ஷாட் போகும்வரை எத்தனை நொடிகள்?

வைகைக்கரை எழுதியது:

ஐயா, 48 நிமிடத்தில் முடித்துவிட்டேன். வீடியோவைப் பார்த்தபோது தொடக்கத்தில் ஏழெட்டு நொடிகளாக இருந்த பிடிப்பு கடைசி சீரீஸில் 12, சில ஷாட்களில் 15 நொடிகளாகவும் நீண்டிருந்தது.

கறுப்புவட்டம் எழுதியது:

நோய் அங்கேதான் இருக்கிறது. அறுபது ஷாட்களுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். நீங்கள் 27 நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். புள்ளியில் சேராத முன்னோட்டமான சைட்டிங் ஷாட்களையும், உயர்த்திவிட்டுச் சுடாமல் இறக்கியவற்றையும் சேர்த்து ஒரு போட்டியில் நூறு முறையேனும் கை உயரும். ஒவ்வொரு முறையும் பத்து நொடி என்று வைத்தாலும், ஏறத்தாழ ஒரு கிலோ எடையை நீட்டிய கையில் 16 நிமிடத்துக்கு மேல் தாங்குகிறீர்கள். தோள் தளரும்போது முனை தாழ்கிறது; அதை மேலே ஏற்றக் காத்திருக்கையில் நொடிகள் நீள்கின்றன; மூச்சை அடக்கியபடியே இருப்பதால் குறிபார்க்க உதவும் பிஸ்டல் முனையின் ஃப்ரன்ட் சைட் கண்ணுக்கு மங்குகிறது; இறுதியில் "போனால் போகட்டும்" என்று டிரிகரை அழுத்துகிறீர்கள். பத்து நொடிக்குள் ஷாட் போகாவிட்டால் கையை இறக்கி, இரண்டு மூச்சு விட்டு, மறுபடி தூக்குங்கள். கேட்க எளிது. ஆனால் நான் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதிலேயே அதிகக் காலம் பிடிப்பது இந்த இறக்கும் பழக்கம்தான்.

தசைநார் எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட், ரைஃபிள், பிஸ்டல் வீரர்கள் சிலரைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தோளை மட்டும் குறை சொல்வது பாதிதான் சரி. பகலெல்லாம் கணினி முன் குனிந்திருப்பவருக்குத் தோள்பட்டை எலும்பைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் தசைகள் சோர்ந்திருக்கும். அவை தாங்காத சுமையைக் கழுத்தின் மேல்தசை தாங்க முயல்கிறது. கடைசி சீரீஸில் உங்கள் வலத்தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா என்று அதே வீடியோவில் பாருங்கள், ஐயா.

வீட்டில் செய்ய எளிய வழி ஒன்று உண்டு. கதவுப் பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி, இரு முழங்கைகளையும் விலாவை ஒட்டிப் பின்னோக்கி மெதுவாக இழுங்கள். வாரத்தில் மூன்று நாள், பதினைந்து முறையாக மூன்று சுற்று போதும். குப்புறப் படுத்து முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடலைப் பலகை போல் நிறுத்துவது இடுப்புக்கும் வயிற்றுக்கும். ஒற்றைக் காலில் நின்று பல் துலக்கச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு மாதம் செய்தபின் ரேஞ்சில் உடலின் ஊசலாட்டம் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். நாள்தோறும் அரைமணி நேர வேகநடை துடிப்பைப் படிப்படியாகத் தணிக்கும். நண்பர் பரிந்துரைத்த மாத்திரையின் வேலையை இது நேர்வழியில் செய்கிறது.

முழங்கால்_மண்டி எழுதியது:

வைகைக்கரை அண்ணனுக்கு வணக்கம். நான் ரைஃபிள்காரன், ஐந்தரைக் கிலோ வரை அனுமதிக்கப்படும் துப்பாக்கியும் தடித்த கான்வாஸ் ஜாக்கெட்டும் எங்கள் பாடு. ஜிம் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. முன்பு நான் போட்டிக்கு முந்தைய மாலை டம்பெல் தூக்கிவிட்டு, மறுநாள் கை நடுங்கியதற்குப் பதற்றம்தான் காரணம் என்று ஓராண்டு நம்பிக்கொண்டிருந்தேன். கடினப் பயிற்சியைப் போட்டிக்கு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

காபியைப் போட்டி நாளில் திடீரென்று விடாதீர்கள். நான்கு டம்ளர் பழகிய உடம்புக்கு அன்று தலைவலிதான் மிஞ்சும். சில வாரங்களில் ஒவ்வொன்றாகக் குறைத்து இரண்டில் நிறுத்தி, பயிற்சி நாளில் எந்த நேரத்தில் குடிக்கிறீர்களோ அதே நேரத்தில் போட்டியன்றும் குடியுங்கள். காலைக்கு இட்லி நல்லது. நெய் ஒழுகும் பொங்கல் தின்றுவிட்டு ஃப்ரன்ட் சைட்டைப் பார்த்தால் கொட்டாவிதான் தெரியும். இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிட்டு, இடையில் தண்ணீரை மட்டும் சிறு மிடறுகளாகக் குடிக்கலாம். முந்தைய இரவு கைபேசியைச் சீக்கிரம் கீழே வைத்துவிடுங்கள்.

யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். நாம் சுடும் பெல்லட் குண்டுகள் ஈயத்தால் ஆனவை. அவற்றைத் தொட்ட விரலால் வடையை எடுப்பதை எங்கள் ரேஞ்சில் தினமும் பார்க்கிறேன். சோப்புப் போட்டுக் கைகழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். ரேஞ்சில் போட்ட சட்டையோடு குழந்தைகளைத் தூக்காதீர்கள்.

வைகைக்கரை எழுதியது (ஏழு வாரங்களுக்குப் பின்):

தோள் காதை நோக்கி ஏறியிருந்தது உண்மைதான், அம்மா. ரப்பர் பட்டைப் பயிற்சியும் நடையும் தொடர்கின்றன. காபி இரண்டு டம்ளராகிவிட்டது. நேற்றைய பயிற்சிப் போட்டியில் 91, 92, 90, 91, 90, 88 என்று 542 வந்தது. எடுத்துக்கொண்டது 66 நிமிடம். பதினேழு முறை சுடாமலே கையை இறக்கினேன். முதல் சீரீஸில் பழைய 93 வரவில்லை. பழைய வேகத்தில் சுட வேண்டும் என்ற அரிப்பு அப்போது அடங்காமலே இருந்தது. இப்போது புதிதாக, நாற்பதாவது ஷாட்டுக்குப் பின் இடது முழங்கால் மரத்துப்போகிறது.

தசைநார் எழுதியது:

முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டிக்கொண்டு நிற்கிறீர்களோ என்று தோன்றுகிறது, ஐயா. பக்கவாட்டிலிருந்து, பாதம் தெரியும்படி ஒரு வீடியோ எடுத்து இங்கே இடுங்கள்; எந்தக் காலணி அணிகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதுவரை பத்து ஷாட்டுக்கு ஒரு முறை பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் ஒரு நிமிடம் உட்காருங்கள். இன்னும் ஒன்பது நிமிடம் கையிருப்பில் இருக்கிறதே.