மைஎஸ்கியூஎல் 8.0-க்கு ஏற்றியதும் கனெக்ட் ஆகவே பத்து விநாடி

செங்காந்தள்:
பில்லிங் டேட்டாபேஸைப் புது லினக்ஸ் சர்வருக்கு மாற்றி, மைஎஸ்கியூஎல் (டேட்டாபேஸ் மென்பொருள்) 5.7-லிருந்து 8.0-க்கு ஏற்றினோம். அன்றிலிருந்து அப்ளிகேஷன் சர்வர் கனெக்ட் ஆக 10 விநாடி பிடிக்கிறது. உள்ளே நுழைந்துவிட்டால் குவெரி எல்லாம் பறக்கிறது. பிங்கில் குறையில்லை. டேட்டாபேஸ் சர்வரிலேயே சாக்கெட் வழியாக (நெட்வொர்க்கைத் தொடாமல்) போனால் உடனே திறக்கிறது. ப்ராசஸ் லிஸ்ட்டில் 'அன்ஆதென்டிகேட்டட் யூசர்' (இன்னும் உள்ளே விடப்படாத யூசர்) என்று வரிசை கட்டி நிற்கிறது. எங்கே பார்ப்பது?

ஊர்க்குருவி:
8.0 என்றாலே கேச்சிங் ஷா2 பாஸ்வேர்டு என்ற புது லாகின் முறை, கூடவே டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் (மறையாக்கத்துக்கான ஆரம்பப் பேச்சு). யூசரைப் பழைய நேட்டிவ் பாஸ்வேர்டு முறைக்கு மாற்றிப் பாருங்கள்.

பழைய டிபிஏ:
பாதுகாப்பைக் குறைக்கச் சொல்லாதீர்கள் தம்பி. 5.7-லிருந்து வந்த யூசர்கள் பழைய ப்ளகினிலேயேதான் இருப்பார்கள். ஷா2 என்பது புதிதாக உருவாக்கும் யூசருக்கு. ஹேண்ட்ஷேக் மில்லிவிநாடிக் கணக்கு. பிசகாமல் 10 விநாடி வருகிறதென்றால் சர்வர் வேலை செய்யவில்லை, எதற்கோ காத்திருக்கிறது. லினக்ஸில் டிஎன்எஸ் (பெயரையும் ஐபியையும் பொருத்தித் தரும் சேவை) கேள்விக்கு 5 விநாடி டைம்அவுட், இரண்டு முயற்சி. கணக்குச் சரியாக இருக்கிறதா? வருகிற ஐபிக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறது. பெயர் தேடலை நிறுத்தும் ஸ்கிப் நேம் ரிசால்வை ஆன் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், முடிந்தது.

நெய்தல்:
முடிந்தது இல்லை சார், அப்போதுதான் ஆரம்பிக்கும். யூசர் டேபிளில் ஹோஸ்ட் காலத்தில் பெயர் போட்டு கிராண்ட் (அனுமதி) கொடுத்திருந்தால் அத்தனையும் செத்துவிடும். காலையில் கவுண்டரில் ஒரு பில் போட முடியாது. டிஎன்எஸ் படுத்திருந்தால் டிஎன்எஸைத் தூக்கி நிறுத்த வேண்டும்.

ஊர்க்குருவி:
டிஎன்எஸ் என்றே வைத்துக்கொள்வோம். மைஎஸ்கியூஎல்லுக்குத் தேடிய பெயரை நினைவில் வைக்கும் ஹோஸ்ட் கேச் உண்டே. முதல் கனெக்‌ஷன்தானே தாமதமாக வேண்டும்? ஒவ்வொன்றும் ஏன்?

நெய்தல்:
நல்ல கேள்வி. 'அந்த ஐபிக்குப் பெயரே இல்லை' என்று டிஎன்எஸ் திட்டவட்டமாகச் சொன்னால் அதையும் கேச் செய்துகொள்ளும். பதிலே வராமல் டைம்அவுட் ஆனால் அது தற்காலிகப் பிழை. அடுத்த கனெக்‌ஷனுக்கு மறுபடியும் முதலிலிருந்து தேடும். பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் (மைஎஸ்கியூஎல் தன் நிலவரத்தைக் குறித்துவைக்கும் இடம்) ஹோஸ்ட் கேச் டேபிளைத் திறந்து, நேம்இன்ஃபோ டிரான்சியன்ட் எரர்ஸ் (தற்காலிகப் பிழைகள்) எண்ணிக்கை ஏறுகிறதா பாருங்கள். பக்கத்திலேயே டிஎன்எஸ் போகும் போர்ட் 53-க்கு, நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப் ஓடட்டும்.

செங்காந்தள்:
பார்த்தேன். கனெக்ட் செய்யச் செய்ய அந்த எண் ஏறுகிறது. டிசிபிடம்பில் பிடிஆர் (ஐபிக்குப் பெயர் கேட்கும்) கேள்வி போகிறது, 5 விநாடி அமைதி, அதே கேள்வி மறுபடி, பிறகும் பதில் இல்லை. எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ் கான்ஃபில் ஒரே ஒரு நேம்சர்வர், அதுவும் நிறுத்திவிட்ட பழைய மெஷினின் ஐபி. பழைய டேட்டாபேஸ் சர்வரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (டிஎன்எஸைக் கேட்காமலே பெயர் சொல்லும் ஃபைல்) அப்ளிகேஷன் சர்வர்களின் பெயர்கள் இருந்தன, புதியதில் இல்லை. 8.0 மேல் பழி போட்டதுதான் மிச்சம்.

பழைய டிபிஏ:
இதைத்தானே சொன்னேன்! எவனோ ஒரு நேம்சர்வரை அணைத்ததற்கு டேட்டாபேஸ் ஏன் படுக்க வேண்டும்? கிராண்டை 192.168.10.% என்று ஐபிக்கு மாற்றிவிட்டுத் தேடலையே நிறுத்துங்கள்.

நெய்தல்:
அந்த வரம்பில் யார் லேப்டாப்பைச் சொருகினாலும் பாஸ்வேர்டு ஒன்றுதான் தடை. குறிப்பிட்ட ஐபி என்றால் ஒப்புக்கொள்கிறேன், சதவீதக் குறி (எந்த எண்ணும் வரலாம் என்பது) வேண்டாம். எப்படியும் ரிசால்வ் கான்ஃபைத் திருத்தியே ஆக வேண்டும். இல்லையென்றால் நாளை எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும்) லாகினும் இதே மாதிரி இழுக்கலாம்.

பழைய டிபிஏ:
லேப்டாப்பைத் தடுப்பது ஃபயர்வாலின் வேலை. அதை டிஎன்எஸ்ஸை நம்பி விடுவீர்களா?

செங்காந்தள்:
சண்டை நடக்கட்டும். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் அப்ளிகேஷன் சர்வர்களைச் சேர்த்துவிட்டேன், ரீஸ்டார்ட்கூட வேண்டியிருக்கவில்லை, உடனே கனெக்ட் ஆகிறது. நேம்சர்வர் ஐபியை இன்றைக்கே மாற்றுகிறேன். கிராண்டுகளை ஐபிக்கு மாற்றிய பிறகு, ஞாயிறு இரவு ஸ்கிப் நேம் ரிசால்வ்.

நெய்தல்:
அதற்கு முன் பேக்கப் ஸ்கிரிப்டைப் பாருங்கள். 127.0.0.1 (அதே மெஷினைக் குறிக்கும் ஐபி) வழியாக வந்து லோக்கல்ஹோஸ்ட் யூசரில் நுழைகிறதென்றால் ஞாயிறு இரவு அதுவும் நின்றுவிடும். 127.0.0.1-க்கும் தனியாக ஒரு யூசர் போட்டுவிடுங்கள்.