டீமோ: விமர்சகர்கள் சொன்ன குறை சரிதானா?

தாளந்தப்பி:
அக்கா புது ஐபேட் வாங்கியதில் பழையது என் கைக்கு வந்துவிட்டது. பெரிய திரையில் விளையாட இசை விளையாட்டு தேடியபோது டீமோ கண்ணில் பட்டது. விமர்சனங்களில் ஓவியத்தையும் பியானோ இசையையும் ஆளாளுக்குத் தூக்கி வைத்திருக்கிறார்கள், ஆனால் சிலர் கதை நகரவே மாட்டேன் என்கிறது, வாசித்த பாட்டையே திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியிருக்கிறது, எவ்வளவு சொதப்பினாலும் தோற்கவே முடியாது என்று அலுத்துக்கொள்கிறார்கள். ஆடியவர்கள் சொல்லுங்கள், நம்பி இறங்கலாமா?

ராத்திரிப்பூனை:
தாராளமா இறங்கலாம். தைவான் ரேயார்க் நிறுவனத்தின் விளையாட்டு, 2013இல் வந்தது. அதற்கு முந்தைய வருடம் வந்த அவர்களுடைய சைட்டஸ் விளையாட்டில் ஒரு கோடு திரையில் மேலும் கீழும் போய்வரும், கோடு புள்ளியைத் தொடும்போது தட்ட வேண்டும். டீமோவில் பியானோ கட்டைபோலக் கறுப்புப் பட்டைகள் மேலேயிருந்து கீழே உள்ள கோட்டுக்கு இறங்கி வரும், மஞ்சள் வந்தால் தட்டாமல் விரலை இழுத்தால் போதும். வானத்திலிருந்து விழுந்த ஒரு சின்னப் பெண் வீடு திரும்ப ஒரு மரம் வளர வேண்டும், நாம் வாசிக்க வாசிக்க அது வளரும். கதை அவ்வளவுதான், முடிவை நான் சொல்ல மாட்டேன்.

தோற்க முடியாது என்பது எனக்குக் குறையாகவே படவில்லை. மற்ற விளையாட்டுகளில் நாலு தப்பு விட்டால் பாட்டைப் பாதியில் வெட்டிவிடுவார்கள். இதில் எப்படி வாசித்தாலும் பாட்டு முடியும்வரை கேட்கலாம், மரமும் கொஞ்சமாவது வளரும். சவால் வேண்டும் என்பவர் ஹார்ட் என்ற கடின நிலையில் ஒரு பட்டைகூட விடாமல் வாசித்துக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

பழைய_ஆர்கேட்:
பூனை சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். மரம் வளர்க்கும் வேலை நடுவில் நிஜமாகவே இழுவை, அதை மூடி மறைக்க வேண்டாம். ஒரு கட்டத்துக்கு மேல் கதைக்காக வாசிக்கிறோமா கணக்குக்காக வாசிக்கிறோமா என்றே தெரியாது. பாட்டுத் தொகுப்புகளைத் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கச் சொல்வதும் எரிச்சல். விளையாட்டோடு வரும் பாட்டுகளை முடித்துப் பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறங்கள்.

அதே நிறுவனத்தின் வோயெஸ் என்ற இசை விளையாட்டு, கையிலும் டிவியிலும் ஆடக்கூடிய நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கு 2017இல் வந்தபோது டிவியில் போட்டு ஆடவே முடியவில்லை, கையில் பிடித்துத் திரையைத் தொட்டால்தான் உண்டு. பட்டன் வசதி பிறகுதான் வந்தது. இவர்கள் செய்வதெல்லாம் விரலுக்கான விளையாட்டு, அதனால் டேப்லெட் இருக்கிறவர் கொடுத்து வைத்தவர்.

ராத்திரிப்பூனை:
இழுவை என்பது சரி. ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் இழுவைதான். நான் தூங்கப் போகுமுன் தினம் மூன்று பாட்டு என்று வைத்துக்கொண்டேன், அலுக்கவில்லை.

இன்னொன்று, தாளந்தப்பி, ப்ளூடூத் ஹெட்செட் மாட்டாதீர்கள். சத்தம் ஒரு துளி தாமதமாக வந்து சேரும், காதை நம்பித் தட்டினால் எல்லாம் பிந்திப் போகும். நான் இரண்டு நாள் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒயர் உள்ளதை மாட்டுங்கள். ஐபேட் செட்டிங்ஸில் நாலு விரல், ஐந்து விரல் சைகைகளையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கையாலும் வேகமாக வாசிக்கும்போது விளையாட்டு பட்டென்று மறைந்து முகப்புத் திரை வந்து நிற்கும்.

தாளந்தப்பி:
அந்த சைகை விஷயம் இப்போதே நடந்துவிட்டது! நார்மல் நிலையில் மூன்றாவது பாட்டு, விடாமல் போய்க்கொண்டிருந்தேன், கடைசிப் பகுதியில் திடீரென்று முகப்பு. அணைத்துவிட்டேன். ஒயர் ஹெட்செட் தம்பியிடம் இருக்கிறது, அவன் தூங்கட்டும், எடுத்துக்கொள்கிறேன்.