கலைச்சொல் வேண்டும்: விசிறியின் வேகத்தைச் சொல்லும் சென்சார்

நாமக்கல் ஆசிரியர், செவ்வாய் காலை

அனைவருக்கும் வணக்கம். டீசல் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கு ஒரு பயிற்சிக் கையேடு தமிழில் வருகிறது. என் பங்கு குளிர்விப்பு அமைப்பு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். ரேடியேட்டர், பம்பு, பெல்ட் எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டேன். அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மாட்டிக்கொண்டது ஒரே ஒரு சாமான்: எஞ்சின் கூலிங் ஃபேன் ஸ்பீட் சென்சார்.

பி.எஸ். 6 (புகை மாசு விதி) லாரிகள் சிலவற்றில், விசிறியை எஞ்சினோடு சேர்க்கும் விஸ்கஸ் ஃபேன் கிளட்சைக் கம்ப்யூட்டரே ஆட்டிவைக்கிறது. கிளட்சுக்குள் சிலிக்கோன் எண்ணெய். வால்வு திறந்து எண்ணெய் உள்ளே போனால் பிடிமானம் கூடி விசிறி வேகமெடுக்கும். சொன்ன வேகத்துக்கு விசிறி வந்ததா என்று கம்ப்யூட்டருக்குத் திரும்பச் சொல்வதுதான் இந்த சென்சார். அட்டவணையில் நான்கு பழுதுக் குறியீடுகள்: பி0526 மின்சுற்றுக் கோளாறு, பி0527 அளவு நம்பும்படி இல்லை, பி0528 சிக்னலே இல்லை, பி0529 சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. நான்கு வரியிலும் பெயர் வரும், கட்டமோ சிறியது.

நான் போட்டிருப்பது "குளிர்விசிறி விரைவுணரி". சரியா?

தஞ்சாவூர் புலவர், செவ்வாய் பகல்

தம்பி, இரண்டும் சரியில்லை. குளிர்விசிறி என்பது வினைத்தொகை. குளிர்ந்த விசிறி, குளிர்கின்ற விசிறி, குளிரும் விசிறி என்றே விரியும். குளிர வேண்டியது எஞ்சின். விசிறி அதைக் குளிர்விக்கிறது. பிறவினை வர வேண்டிய இடத்தில் தன்வினையை வைத்தால் எஞ்சின் கொதிக்கும், விசிறி நடுங்கும்.

விரைவுணரியும் மயக்கம் தருகிறது. விரைவை உணர்வதா, விரைவாக உணர்வதா? இருந்தாலும் வேகம் என்ற வடசொல்லிடம் போகாமல் விரைவிடம் வந்தீர்களே, அதற்குப் பாராட்டு. இன்னும் ஒரு படி ஏறுங்கள். தொல்காப்பிய உரியியலில் "கதழ்வும் துனைவும் விரைவின் பொருள" என்று இருக்கிறது. விரைந்து ஓடும் குதிரையைக் கதழ்பரி என்றார்கள். இரண்டாயிரம் ஆண்டாகச் சும்மா கிடக்கும் சொல். "விசிறிக் கதழ்வுணரி" என்று வையுங்கள்.

சென்னை மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் மாலை

ஐயா, கதழ்வை அட்டவணையில் போட்டால் பையன்கள் கதவு என்று படித்துவிட்டு லாரிக் கதவைக் கழற்றப் போவார்கள்.

என் யோசனை இது. அந்தச் சாமான் உண்மையில் வேகத்தை அளப்பதில்லை. விசிறி ஒரு சுற்று சுற்றினால் இத்தனை துடிப்பு என்று அனுப்புகிறது, அவ்வளவுதான். எண்ணிக் கணக்குப் போட்டு வேகமாக்குவது கம்ப்யூட்டர். அதனால் "விசிறிச் சுற்றுணரி". சின்னச் சொல், கட்டத்துக்குள் அடங்கும், வடசொல்லும் இல்லை. குளிர்விப்பு என்ற அடைமொழியே வேண்டாம். அத்தியாயத் தலைப்பே குளிர்விப்பு அமைப்புதானே? டிரைவர் தலைக்கு மேலே ஓடும் விசிறியை யாரும் நினைத்துக்கொள்ள மாட்டார்கள்.

யாழ்ப்பாணம் பௌதிக ஆசிரியை, செவ்வாய் இரவு

ஒரு சின்னக் குறிப்பு. எங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்களில் திசை பார்க்காத வேகத்துக்குக் கதி என்றுதான் பெயர். வேகம் என்றால் திசையும் சேர்ந்தது. அதை நீங்கள் அங்கே திசைவேகம் என்கிறீர்கள். உங்கள் முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல். விசிறி வேக உணரி என்று எழுதினால் இங்கே படிக்கும் பிள்ளை, விசிறி எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதையும் அது சொல்லும் என்று விளங்கிக்கொள்ளும். கையேடு உங்களுடையது, முடிவும் உங்களுடையது. இரண்டு கரைக்கும் பொதுவான சொல் கிடைத்தால் நல்லது என்பதால் சொன்னேன்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்

அம்மா, நியாயம்தான். ஆனால் "விசிறிக் கதி உணரி" என்றால் இந்தப் பக்கத்தில் விசிறியின் தலைவிதியைச் சொல்லும் கருவி என்று நினைப்பார்கள்.

தஞ்சாவூர் புலவர், புதன் விடியற்காலை

கதியும் வடசொல்லே. அது நிற்க. இரவெல்லாம் வேறொன்று என்னை உறுத்தியது: உணரி. உணர்தல் உள்ளத்தின் தொழில், இரும்புக்கு ஏது உணர்வு? நம் மரபில் மெய், வாய், கண், மூக்கு, செவி ஐந்துக்கும் பொறி என்று பெயர். "பொறிவாயில் ஐந்தவித்தான்" என்பதை எல்லாரும் படித்திருப்பீர்கள். ஆகவே சென்சாருக்கு நேர் சொல் பொறி. ஒரு சிக்கல், எஞ்சினையும் பொறி என்கிறோம். மதுரைக் கோட்டை மதிலில் இருந்த வளைவிற்பொறியும் பொறியே. தீப்பொறியும் பொறியே. "பொறியின்மை யார்க்கும் பழியன்று" என்ற இடத்தில் பொறி என்றால் ஊழ். அம்மையார் சொன்ன கதி அங்கேயும் வந்துவிட்டது பாருங்கள்!

ஆகவே பொறியை விட்டுத் தொல்காப்பிய மரபியலுக்குப் போனேன். "ஒன்றறி வதுவே உற்றறி வதுவே." இந்தக் கருவிக்குத் தெரிவது ஒன்றே ஒன்று, புல்லுக்கும் மரத்துக்கும் போல ஓரறிவு. எனவே "உற்றறி". விசிறிக் கதழ்வுற்றறி.

யாழ்ப்பாணம் பௌதிக ஆசிரியை

ஐயா, ரசித்து வாசித்தேன். ஆனால் உற்றறிதல் தொட்டறிதல் அல்லவா? இந்த வகை உணரிகள் பெரும்பாலும் ஹால் விளைவில் வேலை செய்பவை. காந்தப்புலம் மாறுவதைத் தொடாமலே அறியும். விசிறியைத் தொட்டால் அது அறியாது, உடையும்.

தஞ்சாவூர் புலவர்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹால் என்று கிரந்தம் போட்டு எழுதத்தான் வேண்டுமா? ஆல் விளைவு என்றால் என்ன குறைந்துவிடும்?

சென்னை மொழிபெயர்ப்பாளர்

ஆலம்பழம் விளைந்துவிடும் ஐயா. அது 1879இல் அதைக் கண்டறிந்த எட்வின் ஹால் என்ற மனிதரின் பெயர். அவர் பெயரிலிருந்து ஓர் எழுத்தைப் பிடுங்க நமக்கு என்ன உரிமை? இந்த ஹகரச் சண்டையைப் பிரேக் அத்தியாயத்தில் "ஹைட்ராலிக்" வந்தபோதே பதினேழு மடல் போட்டோம். வேண்டாம். உணரி பள்ளிப் பாடநூல் வரை போய்ச் சேர்ந்த சொல், அதையும் திறக்க வேண்டாம்.

(இதன் பிறகு வந்த ஆறு மடல்கள் விஸ்கஸ் என்பதற்குப் பாகுநிலையா, இலங்கை வழக்கான பிசுக்குமையா என்பது பற்றி. பிசினும் லத்தீன் விஸ்கமும் ஒரே வேர் என்று புலவர் ஐயா எழுதியதற்கு யாரும் பதில் போடவில்லை. இந்த மடல்களின் சுருக்கம் கேட்பவர்களுக்காக அந்த ஆறையும் இங்கே சேர்க்கவில்லை. ஆசிரியர்.)

சங்ககிரி பட்டறை, புதன் இரவு

எல்லாருக்கும் வணக்கம். நான் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஆனால் சுற்றுணரி ஜெயிக்கிற மாதிரி தெரிவதால் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பத்துச் சக்கர வண்டி வந்தது. காலையில் சில்லென்று இருக்கும் எஞ்சினைக் கிளப்பினாலும் விசிறி முழு வேகத்தில் இரைகிறது. வீட்டுக்காரம்மா கேட்கிற அளவுக்குச் சத்தம். டீசலும் கூடத் தின்கிறது. விசிறியைப் பற்றிச் சேதி வரவில்லை என்றால் நிறைய வண்டிகளில் கம்ப்யூட்டர் கிளட்சை முழுதாகச் சேர்த்துவிடும். எஞ்சின் கொதிப்பதைவிட இரைச்சல் மேல் என்று. குறியீடு பி0528. வேறொரு இடத்தில் ஏற்கெனவே கிளட்சையே மாற்றியிருந்தார்கள். இந்த வண்டியில் சென்சார் கிளட்சோடு ஒட்டியே வருகிறது, ஆக அதுவும் புதுசு. குறியீடு மட்டும் போகவில்லை.

நான் செய்தது இதுதான். எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்தேன். சென்சாருக்கு மூன்று ஒயர். ஒன்றில் சப்ளை 5 வோல்ட் வந்தது. சில வண்டியில் 12 வரும், புத்தகம் பார்த்துக்கொள்ள வேண்டும். எர்த் சரி. விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றினால் மூன்றாவது ஒயரில் வோல்ட் ஏறி இறங்கணும். அசையவே இல்லை. ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். ஃபேன் கவர் ஓரத்தில் உரசி உரசி உள்ளே செம்பு அறுந்திருந்தது, மேல்தோல் மட்டும் நல்லபிள்ளை மாதிரி இருந்தது. இரண்டு விரற்கடை ஒயர், ஒரு ஸ்லீவ். முடிந்தது. கிளட்சு விலை வீண்.

இப்போது இதை உங்கள் சொல்லில் எழுதிப் பார்த்தேன். "விசிறிச் சுற்றுணரிச் சுற்றில் கோளாறு. விசிறியைச் சுற்றி, சுற்றுணரிச் சுற்றைச் சோதிக்கவும்." சார், சர்க்யூட்டுக்கும் சுற்று என்றுதான் எழுதுகிறீர்கள். கோளாறு சென்சாரில் இல்லை, ஒயரில் என்பதுதான் பையனுக்குப் புரிய வேண்டிய ஒரே விஷயம். அதே இடத்தில் இரண்டு சுற்றும் மோதினால் அவனும் போய்க் கிளட்சை மாற்றுவான்.

சென்னை மொழிபெயர்ப்பாளர், வியாழன் காலை

சுற்றுணரியைத் திரும்பப் பெறுகிறேன். எனக்குத் தோன்றாமல் போனது வெட்கம். "சுழற்சி உணரி" என்றால்?

நாமக்கல் ஆசிரியர்

நல்ல சொல்தான், ஆனால் அதே அத்தியாயத்தில் தண்ணீரின் சுழற்சி என்று பத்து இடத்தில் எழுதியிருக்கிறேன். பம்பு, ரேடியேட்டர், எஞ்சின், மறுபடி பம்பு. நாளைக்கு அச்சு. கை தூக்கிவிடுங்கள்: "விசிறி வேக உணரி". வேகம் என்றால் இந்தப் பக்கத்தில் தெரியாத பிள்ளை இல்லை. இலங்கை வழக்கைப் பக்கத்தின் அடியில் குறிப்பாகச் சேர்த்துவிடுகிறேன்.

இன்னும் இரண்டு பாக்கி. பிரிவுத் தலைப்புக்குப் "பழுதறிதல்" போட்டிருக்கிறேன். நோய்நாடிக் குறளை இந்த முறை யாரும் எடுக்க வேண்டாம், தயவுசெய்து. அப்புறம் பி0529: "விட்டுவிட்டு வரும் சிக்னல்" என்பது புத்தகத்தில் எழுதத் தகுமா, பேச்சு வழக்கா?

யாழ்ப்பாணம் பௌதிக ஆசிரியை

வேகத்துக்குச் சம்மதம், குறிப்போடு.

சென்னை மொழிபெயர்ப்பாளர்

சம்மதம். களைத்துவிட்டேன் என்பதும் ஒரு காரணம்.

தஞ்சாவூர் புலவர், வியாழன் இரவு

பெரும்பான்மை சொல்வது நடக்கட்டும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒன்று, கதழ்வு. இரண்டு, தொகைச்சொல்லை மூன்று துண்டாக வெட்டி எழுதியிருக்கிறீர்கள். "விசிறிவேகவுணரி" என்று வகர உடம்படுமெய்யோடு சேர்த்து எழுதுவதே முறை. விட்டுவிட்டு என்பது அடுக்கு. வழுவில்லை, ஆனால் கலைச்சொல் ஆகாது. "இடையறு சைகை" என்று போடுங்கள்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்

இடையறு என்பதைப் பையன்கள் ஒயர் இடையில் அறுந்தது என்று படிப்பார்கள் ஐயா. அது பி0528.

சங்ககிரி பட்டறை, வெள்ளி காலை

சார், அச்சுக்குக் கொடுத்துவிட்டீர்களா? அந்தப் பத்துச் சக்கர வண்டி நேற்று ராத்திரி திரும்ப வந்துவிட்டது. 0528 இல்லை, இப்போது 0529. மேடு பள்ளத்தில் ஏறும்போது மட்டும் வருகிறது. என் ஜாயின்ட்தான் லூசாக இருக்கும்போல, கழற்றிப் பார்க்கணும். டிரைவர் "விட்டுவிட்டு இரையுதுண்ணே" என்றார். பில்லில் என்ன எழுத?