டிரிஃப்ட்டுக்குத் தமிழில் என்ன சொல்? வெள்ளிக்கிழமை அச்சு

கொட்டாஞ்சேனை, பௌதிகவியல் ஆசிரியை (திங்கள் இரவு)

குழுவினருக்கு வணக்கம்.

உயர்தர மாணவருக்கான அளவீட்டுக் கையேட்டின் தமிழ்ப் பதிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்தான் இன்னும் அகப்படவில்லை. அளக்கப்படும் பொருளில் எந்த மாற்றமும் இல்லை. ஆனாலும் நாள் போகப் போகக் கருவியின் வாசிப்பு மெல்ல ஒரு பக்கமாகப் போய்விடுகிறது. அதுதான் டிரிஃப்ட்.

சொல் வருவது நான்காம் அத்தியாயத்தில், மலிவான தூசு உணரிகள் பற்றிய பகுதியில். மாணவர்கள் தங்கள் உணரியை நம்பகமான கருவி ஒன்றுக்குப் பக்கத்தில் சில கிழமைகள் வைத்து, இரண்டின் வாசிப்பையும் ஒப்பிட வேண்டும். உணரிக்குள் ஒரு சிறு லேசர் இருக்கிறது. தூசில் பட்டுச் சிதறும் ஒளியை ஒளியிருவாயி (ஒளியை மின்னோட்டமாக்கும் சிறு உறுப்பு) பிடிக்கிறது. சில மாதங்களில் அந்த இருவாயியின் மேலேயே தூசு படியும், விசிறி தளரும், லேசரும் மங்கும். தெருக்காற்று அப்படியே இருக்க, வாசிப்பு மட்டும் மாறிவிடும். உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் நுண்தூசுக்கான ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவைக் கனமீற்றருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டது. அந்த 5 எங்கே, மூன்று நான்கு மைக்ரோகிராம் தானாகவே மாறிவிடும் உணரி எங்கே? அதனால் இந்த அத்தியாயத்தைப் பிள்ளைகள் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

வழு என்று போட முடியாது, அது பூச்சிய வழு, பின்ன வழு என்று வேறு வேலை செய்கிறது. விலகல் நியம விலகலுக்குப் போய்விட்டது. நகர்வு என்றால் கருவியையே யாரோ நகர்த்தியதாக எடுப்பார்கள். சர்வதேச அளவியல் சொற்றொகுதியின் மூன்றாம் பதிப்பு (2008) இரண்டு நிபந்தனை போடுகிறது: மாற்றம் அளக்கப்படும் கணியத்தால் வந்ததாக இருக்கக்கூடாது, வெப்பநிலை, ஈரப்பதன் போன்ற அறிந்த புறக்காரணியாலும் வந்ததாக இருக்கக்கூடாது. கருவியின் சொந்த இயல்பு மாறியதால் வருவது மட்டுமே டிரிஃப்ட். பெயராகவும் வினையாகவும் நிற்கிற, 'பூச்சிய', 'வீதம்', 'திருத்தம்' இவற்றோடு ஒட்டுகிற ஒரு சொல் வேண்டும்.

வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் (செவ்வாய் காலை)

டீச்சர், சொல் நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறது: கோட்டம்.

'சமன்செய்து சீர்தூக்கும் கோல்' என்ற குறளை எடுங்கள். முதலில் தான் சமனாக நின்று, பிறகு தன்மேல் வைத்த பாரத்தை வரையறுக்கும் துலாம் என்று பரிமேலழகர் விரிக்கிறார். நீங்கள் அளவுத்திருத்தம் என்று சொல்வது இதைத்தான்: கருவி முதலில் தன்னைச் சமன் செய்துகொள்ள வேண்டும், அதன் பிறகே பிறவற்றை அளக்கலாம். அதே குறளில் 'ஒருபால் கோடாமை' வருகிறது. கோடுதல் என்றால் ஒரு பக்கம் சாய்தல், நேர்மை தப்புதல். உங்கள் உணரி செய்வதும் அதுதானே?

இந்தக் 'கோடு' வளைவுப் பொருள் கொண்ட பெரிய குடும்பம். யானைக் கொம்பு கோடு, சங்கு கோடு, மரக்கிளை கோடு, ஏரியின் வளைந்த கரையும் கோடு. கோணல், கோணம், கூன் எல்லாம் இவற்றின் உறவு. வளைத்துக் கட்டிய மதில் கோட்டை. நாம் பஸ் ஏறும் புறக்கோட்டையிலும் இந்த வேர் இருக்கிறது என்பது என் எண்ணம். வினை கோடுதல், பெயர் கோட்டம், எதிர்மறை கோடாமை. பூச்சியக் கோட்டம், கோட்ட வீதம், கோட்டத் திருத்தம். கோடாத கருவி என்றும் எழுதலாம், அதற்கு ஆங்கிலத்தில்கூட இவ்வளவு சுருக்கமான சொல் இல்லை.

தெகிவளை, அளவுத்திருத்த ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் (செவ்வாய் மதியம்)

ஐயா சொன்ன குறள் விளக்கத்தை எங்கள் ஆய்வுகூடச் சுவரில் எழுதி ஒட்டலாம். ஆனால் சொல் பொருந்தவில்லை. கோட்டம் ஒரு நிலை. தராசு இன்று 2 கிராம் கூடக் காட்டுகிறது, நாளையும் அதே 2 கிராம், அடுத்த வருடமும் அதே. அது கோடியிருக்கிறது, சரி. ஆனால் அதில் டிரிஃப்ட் இல்லை. நிலையான பிழைக் காட்டலை ஒரு தரம் கண்டுபிடித்துக் கழித்துவிடலாம். டிரிஃப்ட் அப்படியல்ல. அது ஒரு போக்கு, காலத்தோடு சேர்ந்தது. அதனால்தான் கருவியை ஒரு தரம் திருத்தினால் போதாது, குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருக்கிறது. ஓமாகமவில் உள்ள அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் கடைத் தராசுகளை ஒரு தடவையோடு விட்டுவிடாமல் மறுபடி மறுபடி பரிசோதித்து முத்திரை இடுவதும் இதனால்தான்.

மிகப் பெரிய உதாரணம் கிலோகிராம். 1889இல் ஏற்றுக்கொண்ட பிளாட்டினம்-இரிடியம் உருளை பாரிசுக்கு அருகே பெட்டகத்தில் இருந்தது. நூறு வருடத்தில் அதற்கும் அதன் பிரதிகளுக்கும் இடையே ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டது. எது மாறியது, மூலமா பிரதிகளா? சொல்லவே முடியாது, ஏனென்றால் வரைவிலக்கணப்படி மூலம் எப்போதும் சரியாக ஒரு கிலோகிராம். 2019 மே 20 முதல் என்றும் மாறாத இயற்கை எண்ணான பிளாங்கின் மாறிலியை வைத்துக் கிலோகிராமை வரையறுத்ததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

வெப்பநிலையை மின்னழுத்தமாகக் காட்டும் இரு உலோகக் கம்பிகளின் இணைப்பான வெப்பவிணைகளிலும் இதே தொல்லை. அதிக வெப்பத்தில் நெடுநாள் கிடந்தால் கம்பியின் உலோக அமைப்பே மாறி, அதே வெப்பநிலைக்கு வேறு மின்னழுத்தம் தருகிறது. உலைக்குள் பூட்டியதைக் கழற்றாமல் எப்படிச் சோதிப்பது? விணையின் நுனியிலேயே சிறு குப்பிக்குள் தூய உலோகத்தை வைத்து, அது உருகும் கணத்தில் வாசிப்பைச் சரிபார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன. பிரித்தானியத் தேசிய பௌதிக ஆய்வுகூடம் இதில் நிறையச் செய்திருக்கிறது. செம்பு 1084.62 பாகை செல்சியசில் உருகும், அது மாறாது. வாசிப்பு வேறு காட்டினால் போனது விணைதான்.

நாங்கள் மேசையில் இருந்து வேலை செய்யும்போது 'பூச்சியம் நழுவிப் போச்சு' என்றுதான் சொல்வோம். நழுவல் என்று வைக்கலாம்.

சென்னை, மென்பொருள் மொழியாக்கம் (செவ்வாய் இரவு)

பெயர்ச்சி நல்ல சொல் இல்லையா? இடப்பெயர்ச்சி எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, வழு என்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் புரியாது. பிழை என்று போட்டால் இலங்கை, தமிழ்நாடு இரு பக்கமும் படிக்கலாம்.

மட்டக்குளி, தமிழ் ஆசிரியர் (புதன் காலை)

பெயர்ச்சி என்றதும் எங்கள் வீடுகளில் நினைவு வருவது சனிப்பெயர்ச்சி. அது ஒரு குறித்த நாளில் ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போவது. இங்கே பேசுவது நாள் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதைப் பற்றி. பொருள் நேர் எதிர்.

வழு பற்றி: தொல்காப்பியம் முதல் வழு, வழாநிலை, வழுவமைதி என்று இலக்கணம் படித்த பிள்ளைக்கு அது எப்படிப் புரியாமல் போகும்? அரசகரும மொழித் திணைக்களத்தின் பழைய சொற்றொகுதிகளில் தொடங்கி இங்கே பல தலைமுறை இந்தச் சொற்களில் படித்துச் சோதனை எழுதியிருக்கிறது. இங்கே அமுக்கம் என்பது அங்கே அழுத்தம். அழுத்தம் என்றால் இங்கே மின்னழுத்தம். இங்கே கதி, அங்கே வேகம். இங்கே வேகம், அங்கே திசைவேகம். ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் பிள்ளை பரீட்சை மண்டபத்தில் தடுமாறும். வினாத்தாள் இங்கேதான் தயாராகிறது.

ஐயாவின் கோட்டத்துக்கும் ஒரு தடை. எங்களுக்குக் கோட்டம் என்றால் கோட்டக் கல்வி அலுவலகம். 'கோட்டத் திருத்தம்' என்று தலைப்புப் போட்டால் நிருவாக எல்லையை மாற்றுகிறார்கள் என்றே வாசிப்பார்கள்.

வெள்ளவத்தை (புதன் மாலை)

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால் அதைத் தள்ளினால் தமிழில் எதுவும் மிஞ்சாது. தடை என்று எழுதியிருக்கிறீர்கள். மின்சுற்றிலும் அது தடைதான், யாரும் குழம்பவில்லை.

நழுவல் எனக்கு உடன்பாடில்லை. நழுவுவது கையிலிருந்து விழுவது. ஒரே கணத்தில் முடிகிற செயல். கிறீன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கினார். அமெரிக்கர் அவர், தமிழில் இருப்பதைத் தேடிப் பார்க்கும் பொறுமை அவருக்கு இருந்தது. நம்முடைய பாடத்தையே இன்னும் பௌதிகவியல் என்கிறோம், இயற்பியல் என்று சொல்லக் கூசுகிறோம். அதிலும் பழகிய சொல் என்ற ஒரே காரணம்தான். காலம் என்ற கூறு வேண்டுமென்றால் காலக்கோட்டம் என்று வையுங்கள். தொழினுட்பவியலாளர் தம்பியின் மறுப்பும் அதோடு தீரும்.

மொறட்டுவை, மின்னணுப் பொறியியல் (புதன் இரவு)

எந்தச் சொல்லானாலும் அது புறக்காரணியை உள்ளே இழுக்கக்கூடாது. அதை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

கொழும்பில் காலையில் சாரீரப்பதன் (ஒப்பு ஈரப்பதம்) 80 வீதத்தைத் தாண்டுவது சாதாரணம். தூசுத் துணிக்கை நீரை உறிஞ்சிப் பருக்கும், அதிக ஒளியைச் சிதறும், மலிவு உணரி கூடக் காட்டும். வெயில் ஏற வாசிப்பு இறங்கிவிடும். இது டிரிஃப்ட் அல்ல. உணரி மாறவே இல்லை. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் ஆய்வாளர்கள் பர்ப்பிள் ஏர் என்ற மலிவுத் தூசு உணரிகளுக்கு 2021இல் வெளியிட்ட திருத்தத்தில் வாசிப்பை 0.524 ஆல் பெருக்கி, சாரீரப்பதனை 0.0862 ஆல் பெருக்கிக் கழித்து, 5.75 கூட்டுகிறார்கள். அது அங்கே சேர்த்த தரவு. காலி வீதிப் புகைக்கும் கடற்காற்றுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுக்க முடியாது, மாணவர்கள் தங்கள் எண்களைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். இன்னும் முக்கியம், அந்தச் சமன்பாட்டில் காலம் என்ற உறுப்பே இல்லை. ஈரப்பதன் திருத்தத்தை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஆறு மாதத்தில் இருவாயியில் படிந்த தூசு அப்படியே இருக்கும்.

'காலையில் வாசிப்பு நழுவுகிறது' என்று ஒரு பிள்ளை எழுதினால் பிழை என்று எனக்கு உடனே தெரிகிறது, ஏனென்றால் நழுவியது தானாகத் திரும்பி வராது. 'காலையில் கோடுகிறது' என்றால் பிழையா சரியா என்று சொல்ல முடியவில்லை. அதனால் என் வாக்கு நழுவலுக்கு. நல்ல சொல் கிடைக்கவே இல்லையென்றால் டிரிஃப்ட் என்றே தமிழ் எழுத்தில் போடுங்கள், லேசரை அப்படித்தானே வைத்திருக்கிறோம்.

கொட்டாஞ்சேனை (வியாழன் இரவு)

அச்சகத்திலிருந்து இரண்டு தரம் அழைப்பு வந்துவிட்டது. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் நழுவலுக்குத்தான் கூடுதல் ஆதரவு, அதிலும் பாதிப் பேர் 'வேறு நல்லது இல்லாததால்' என்று எழுதியிருக்கிறார்கள். முதல் இடத்தில் 'நழுவல் என்னும் டிரிஃப்ட்', பிறகு நழுவல், பூச்சிய நழுவல், நழுவல் வீதம். மொறட்டுவையிலிருந்து வந்த ஈரப்பத உதாரணத்தைப் பயிற்சி வினாவாகச் சேர்த்துவிட்டேன். நழுவல் ஒரே கணத்தில் முடிவது என்ற ஐயாவின் மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வரைவிலக்கணத்தில் 'காலப்போக்கில்' என்று சேர்த்ததோடு நிறுத்தியிருக்கிறேன்.

நிலையான ஒருபக்கச் சாய்வைக் குறிக்க ஐந்தாம் அத்தியாயத்தில் இன்னும் பையஸ் என்றே கிடக்கிறது. தெகிவளைத் தம்பி சொன்ன அந்த மாறாத 2 கிராம். அதற்குக் கோட்டம் பொருந்துமென்று நினைக்கிறேன். ஐயா சம்மதித்தால் காலை 9 மணிக்கு முன் போடுவேன்.

வெள்ளவத்தை (வியாழன் நள்ளிரவு)

பையஸுக்குக் கோட்டம் போடுங்கள், அதில் தடையில்லை. டிரிஃப்ட்டுக்குக் காலக்கோட்டமே சரி என்ற என் கருத்தை இரண்டாம் பதிப்புக்காகக் குறித்து வைத்திருங்கள். இரண்டும் ஒரே வேரில் நின்றிருந்தால் ஒன்று நிலை, மற்றது அதன் வளர்ச்சி என்பது பிள்ளைக்குச் சொல்லிலேயே தெரிந்திருக்கும்.

மட்டக்குளி (வெள்ளி காலை)

அப்போ கோட்டக் கல்வி அலுவலகம் பற்றி நான் சொன்னது?